ஆப் கடைகள் போட்டிக் கடைகளுக்கு வழிவிட வேண்டுமா? ஒரு மாவுக்கணக்கு ஆப்பை வைத்துக் கேட்கிறேன்

லேபர்கேம்ப்_கோடர்:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை தாராவியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவர்கள் சிலருக்காக ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்தக் கடைக்கு எத்தனை கிலோ போனது, யார் பாக்கி வைத்திருக்கிறார், யார் வாளியைத் திருப்பித் தரவில்லை, இவ்வளவுதான் அதன் வேலை. சர்வர் எதுவும் கிடையாது, கணக்கு அந்தந்தப் போனிலேயே இருக்கும். ஏபிகே கோப்பை (கடை இல்லாமல் நேரடியாகப் போனில் ஏற்றுகிற ஆப் கோப்பு) வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன், அவர்கள் அனுமதி கொடுத்து ஏற்றிக்கொள்வார்கள். புதிதாகச் சேருகிற பையன்கள் மட்டும் போனில் வரும் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு "அண்ணா, இது வைரஸா?" என்று கேட்பார்கள்.

ப்ளே ஸ்டோரில் போடு என்கிறார்கள். பதிவுக்கு ஒருமுறை கட்டும் 25 டாலர் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் விடாமல் 14 நாள் சோதனையில் இருந்தால்தான் வெளியிட விண்ணப்பிக்கவே முடியும் (முதலில் 20 பேர் என்று இருந்தது, அப்புறம் குறைத்தார்கள்). மொத்தமாகவே ஒரு சந்துக்குள் புழங்குகிற ஆப்புக்கு இந்தச் சடங்கெல்லாம் எதற்கு என்று தோன்றுகிறது.

என் கேள்வி இதைவிடப் பெரியது. நான் காசு கொடுத்து வாங்கிய போனில் எந்தக் கடையிலிருந்து மென்பொருள் ஏற்ற வேண்டும் என்பதை கூகுளும் ஆப்பிளும் ஏன் முடிவு செய்ய வேண்டும்? மற்ற கடைகளையும் நேரடி ஏபிகேயையும் சமமாக நடத்தச் சொல்லிச் சட்டம் வேண்டாமா? என் அறைத்தோழர் கடுமையாக எதிர்க்கிறார், "உன்னை மாதிரி ஆட்களால்தான் ஊரில் பணம் போகிறது" என்கிறார். அவர் சொல்வதிலும் ஏதாவது இருக்கிறதா?

---

செம்பூர்வாசி:

உங்கள் அறைத்தோழர் பக்கம் நான். ஒரு வங்கியில் மோசடிப் புகார்களைப் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

இப்போது வருகிற புகார்களில் பாதிக் கதையை நான் பார்க்காமலே சொல்லிவிடுவேன். வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே வரும். பெயர் ஆர்டிஓ சலான் என்றிருக்கும், அல்லது கல்யாணப் பத்திரிகை, அல்லது பிஎம் கிசான். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அந்தத் தெரிந்தவரின் போன் முந்தின நாளே மாட்டியிருக்கும். ஏற்றியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பிறகு அணுகல்தன்மைச் சேவை, அதாவது பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டுவதற்கென்று வைத்த வசதி, அதையும் கேட்கும். இரண்டும் கிடைத்துவிட்டால் ஓடிபி அவனுக்குப் போய்விடும், திரையையும் அவனே தொட்டு நகர்த்துவான். ராத்திரியில் பணத்தைச் சின்னச் சின்னத் தொகையாக எடுத்துவிட்டால் காலையில்தான் தெரியும். சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழைத்தால் நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு, பலர் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து வருகிறார்கள்.

இந்தச் சூழ்நிலையில் "எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, தட்டிவிட்டுப் போ" என்று நீங்கள் அந்தப் பையன்களைப் பழக்குகிறீர்கள். உங்கள் ஆப் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளை அதே குழுவில் வேறொருவன் "புதிய பதிப்பு" என்று ஒரு கோப்பைப் போட்டால் அவர்கள் அதையும் தட்டுவார்கள். கடைக்குச் சொந்தக்காரன் என்று ஒருவன் இருந்தால் புகார் சொல்லவாவது ஒரு இடம் இருக்கிறது.

---

பவாய்_பூச்சி:

செம்பூர்வாசி சார் சொன்ன மோசடி விவரம் அத்தனையும் உண்மை. அதிலிருந்து அவர் போகிற முடிவோடுதான் எனக்குச் சண்டை.

முதலில், சொந்தக்காரன் இருக்கிற கடையில் திருடன் நுழைவதில்லையா? கடன் ஆப்புகளை மறந்துவிட்டோமா? போனிலுள்ள தொடர்புகளையும் படங்களையும் உருவி, கடன் வாங்கியவரின் மாமியார் வீட்டுக்கே போன் போட்டு அசிங்கப்படுத்தினார்களே, அவற்றில் ஏராளமானவை ப்ளே ஸ்டோரில்தான் இருந்தன. 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கடன் ஆப்புகளை கூகுள் நீக்கியது என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. நீக்கியது நல்லதுதான், ஆனால் அதற்கு முன்னால் அவை உள்ளே வந்திருந்தன அல்லவா?

இரண்டாவது, சார் தன் பதிலிலேயே சரியான இடத்தைக் காட்டிவிட்டார், கவனித்தீர்களா? பணத்தைத் திருடுவது ஏபிகே என்ற கோப்பு வகை இல்லை, எஸ்எம்எஸ் படிக்கவும் திரையை ஆளவும் கொடுத்த அனுமதி. கூகுளே இந்தியாவில் 2024 கடைசியில் தொடங்கிய சோதனையில் அதைத்தான் செய்தது. உலாவி, வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் வழியாக வரும் ஆப் எஸ்எம்எஸ் படிக்கவோ, அறிவிப்புகளைப் படிக்கவோ, அணுகல்தன்மைச் சேவைக்கோ உரிமை கேட்டால் ப்ளே புரொடெக்ட் (ஆண்ட்ராய்டு போனில் கூகுள் வைத்திருக்கும் பாதுகாப்புச் சோதனை) அதை ஏற்றவே விடாது. மாவுக்கணக்கு ஆப் இதில் எதையும் கேட்காது, அதனால் அந்தத் தடையில் சிக்காது. கடை எது என்று பார்க்காமல் என்ன கேட்கிறது என்று பார்த்தாலே பெரும்பகுதி வேலை முடிகிறது. அப்படியிருக்கும்போது மற்ற கடைகளையே தடுக்க வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்டுவது எனக்குச் செரிக்கவில்லை. 30 சதவீதம் வரை போகும் கமிஷன்தான் காரணம் என்று நேராகவே சொல்லிவிடலாம். 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் பாரத் மேட்ரிமோனி உட்பட இந்திய நிறுவனங்களின் ஆப்புகளை கூகுள் தூக்கியது, மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு திரும்ப வைத்தது. வரன் பார்க்கிற ஆப்பில் வைரஸ் இருந்தது என்று யாருமே சொல்லவில்லை.

"ஆண்ட்ராய்டில்தான் ஏபிகே உண்டே, எதற்குச் சட்டம்" என்பார்கள். ட்ரீம்11 நம்ம மும்பைக் கம்பெனி, பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு ப்ளே ஸ்டோரில் இடம் இல்லாத காலத்தில் பல வருடம் தன் இணையதளத்திலிருந்தே ஏபிகே கொடுத்து வளர்ந்தது. அதற்கு ஐபிஎல் விளம்பரம் தேவைப்பட்டது, 2020ல் தலைப்பு உரிமைக்கு மட்டும் 222 கோடி. (அந்தத் தொழிலே நல்லதா என்பது வேறு கதை, 2025ல் சட்டம் வந்து நிறுத்தியும் விட்டது.) நான் சொல்ல வருவது, அந்த எச்சரிக்கைப் பெட்டியைத் தாண்டி மக்களைக் கொண்டுவர அவ்வளவு பணம் வேண்டும். லேபர் கேம்ப் தம்பியிடம் அது இல்லை.

---

வடாலா_வக்கீல்குமாஸ்தா:

சட்டம் வேண்டுமா என்று கேட்டதால் எழுதுகிறேன். இங்கே ஏற்கெனவே ஒருமுறை அந்த ஆணை வந்து போய்விட்டது, பலருக்குத் தெரியாது.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஒரே வாரத்துக்குள் கூகுளுக்கு இரண்டு அபராதம் போட்டது. ஆண்ட்ராய்டு விஷயத்தில் 1,337.76 கோடி, ப்ளே ஸ்டோர் பில்லிங் (ஆப்புக்குப் பணம் கட்டும் முறை) விஷயத்தில் 936.44 கோடி. எல்லோரும் தொகையைப் பேசினார்கள், முக்கியமானது முதல் உத்தரவின் கூடவே வந்த கட்டளைகள். மற்ற ஆப் கடைகளையும் ப்ளே ஸ்டோர் வழியாகவே தரவிட வேண்டும், நேரடியாக ஏற்றுவதைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று அதில் இருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இந்த இரண்டோடு சேர்த்து நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. இருதரப்பும் உச்ச நீதிமன்றம் போனார்கள். பில்லிங் வழக்கின் அபராதமும் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைந்தது.

அமெரிக்காவில் எபிக் என்ற கேம் கம்பெனி போட்ட வழக்கில் 2023 டிசம்பரில் ஜூரி கூகுளுக்கு எதிராகச் சொன்னது, 2024 அக்டோபரில் நீதிபதி டொனாட்டோ கிட்டத்தட்ட நம் ஆணையம் சொன்ன மாதிரியே ப்ளே ஸ்டோருக்குள் மற்ற கடைகளுக்கு இடம் கொடு என்றார். நம்ம ஊரில் அதையே முன்னதாகச் சொல்லி, பிறகு கைவிட்டோம்.

ஐரோப்பாவைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஆப்பிள் ஐஓஎஸ் 17.4ல் வேறு கடைகளுக்கு வழி விட்டது, ஏப்ரலில் ஆல்ட்ஸ்டோர் என்ற கடை வந்தது. ஆனால் புது நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட ஆப் பத்து லட்சம் முதல் நிறுவலைத் தாண்டினால் வருடத்துக்கு ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ கட்டு என்று ஒரு கட்டணத்தையும் கூடவே வைத்தது. அந்த முதல் விதிப்படி, இலவச ஆப் திடீரென்று பிரபலமானால் எழுதியவர் ஓட்டாண்டி என்ற நிலை இருந்தது. அதுவும் போக, எந்தக் கடையில் விற்றாலும் ஆப்பிளின் சரிபார்ப்பு முத்திரை இல்லாமல் போனில் ஏறாது. சட்டத்தில் "அனுமதி" என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டு மிச்சத்தைக் கம்பெனியின் நல்லெண்ணத்துக்கு விட்டால் இப்படித்தான் ஆகும். நமக்கு இந்தக் கதையே கிடையாது: நீங்கள் மாட்டுங்காவில் உட்கார்ந்து வாங்கின ஐபோனில் அந்தக் கடைகள் திறக்காது, அவை ஐரோப்பிய யூனியனுக்குள் இருப்பவர்களுக்காக வந்தவை.

---

செம்பூர்வாசி:

பவாய்_பூச்சி, அனுமதியைப் பார்த்துத் தடுப்பது சரி. ஆனால் திருடன் அதையும் கற்றுக்கொள்கிறான், முதலில் ஒன்றும் கேட்காத ஒரு ஆப்பைக் கொடுத்து, அதற்குள்ளிருந்து "அப்டேட்" என்று இன்னொன்றை ஏற்றுகிறான். யார் எழுதியது என்றே தெரியாத ஆப்பை எப்படி நம்புவது? 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்த எழுதுநர் சரிபார்ப்பு அதற்குத்தானே? 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி 2027லிருந்து மற்ற நாடுகளுக்கு. ஏபிகேயை எங்கிருந்து வேண்டுமானாலும் கொடு, ஆனால் நீ யார் என்று பதிவு செய் என்கிறார்கள். இதில் என்ன தவறு?

---

பவாய்_பூச்சி:

பதிவு செய்வதில் தவறு இல்லை சார், யாரிடம் பதிவு செய்கிறோம் என்பதுதான் சிக்கல். நான் கூகுளின் கடையை வேண்டாம் என்று போகிறேன், அதற்கும் கூகுளிடமே போய் அடையாள அட்டை காட்டி வர வேண்டும். நாளைக்கு அவர்கள் பதிவை ரத்து செய்தால் எந்தக் கடையிலும் எனக்கு இடமில்லை. எஃப்-ட்ராய்ட் என்ற திறமூல ஆப் கடை 2010லிருந்து மூல நிரலை வாங்கித் தானே தொகுத்துக் கொடுக்கிறது, அங்கே பல எழுதுநர்கள் புனைபெயரில் இருப்பவர்கள், அவர்கள் இதை எதிர்த்தது சும்மா இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு ஏற்ற ஒரு தனி வழி வைக்கிறோம் என்று 2025 நவம்பரில் கூகுள் சொன்னது. மாணவர்களுக்கும் பொழுதுபோக்குக்கு எழுதுகிறவர்களுக்கும் குறைந்த எண்ணிக்கைப் போன்களுக்கான இலவசக் கணக்கும் உண்டு என்றார்கள். தம்பிக்கு அதுவே போதலாம்.

என்னைக் கேட்டால் சட்டம் கேட்க வேண்டியது இதைத்தான். பதிவு கம்பெனிக்கு வெளியே ஒரு பொது அமைப்பிடம் இருக்கட்டும், ஆபத்தான அனுமதிகளுக்கு எல்லாக் கடைக்கும் ஒரே விதி இருக்கட்டும், ப்ளே ஸ்டோர் உட்பட. "மற்ற கடைகளை அனுமதி" என்று மட்டும் எழுதினால் வக்கீல்குமாஸ்தா சொன்ன அரை யூரோ கதைதான் திரும்ப நடக்கும்.

---

லேபர்கேம்ப்_கோடர்:

எல்லோருக்கும் நன்றி. செம்பூர்வாசி அண்ணன் சொன்ன "புதிய பதிப்பு" விஷயம் வயிற்றைக் கலக்குகிறது. என் ஆப்பின் பெயரிலேயே வேறு ஒருவன் கோப்பு போட்டால் பழையதன் மேல் ஏறிவிடுமா? அதோடு, எப்போதாவது ப்ளே ஸ்டோருக்குப் போக வேண்டி வந்தால் பையன்கள் போனில் இருக்கிற பாக்கிக் கணக்கு என்ன ஆகும்?

---

பவாய்_பூச்சி:

ஏறாது. ஆண்ட்ராய்டு பழைய ஆப்பின் மேல் புதியதை ஏற்றும்போது இரண்டும் ஒரே சாவியால் (எழுதுநர் தன்னிடம் வைத்திருக்கும் ரகசிய டிஜிட்டல் கோப்பு) கையொப்பமிட்டவையா என்று பார்க்கும், இல்லாவிட்டால் மறுத்துவிடும். ஆனால் அவன் வேறு அடையாளத்தில் அதே படம், அதே பெயர் வைத்து இரண்டாவது ஆப்பாக ஏற்றலாம், அதற்குச் சாவி உதவாது. குழுவில் நிர்வாகி மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள், இன்றைக்கே.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். புதிய ஆப்புகளுக்கு ப்ளே ஸ்டோர் கையொப்பச் சாவியைத் தானே வைத்துக்கொள்ளும், 2021 ஆகஸ்டிலிருந்து அது கட்டாயம். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கூகுளே புதுச்சாவி உருவாக்கிவிடும், அப்போது உங்கள் ஏபிகேயும் கடைப் பதிப்பும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும், நீக்கினால் கணக்கும் போச்சு. அதனால் முதல்முறை ஏற்றும்போதே உங்கள் பழைய சாவியைக் கொடுக்கும் தேர்வை எடுங்கள், அது இருக்கிறது, கொஞ்சம் உள்ளே ஒளிந்திருக்கும். அதற்கு முன்னால் கணக்கை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் பொத்தான் ஒன்று வையுங்கள்.

சாவிக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது? லேப்டாப்பில் மட்டும் என்றால் ஒரு பென் டிரைவிலும் போட்டு வீட்டில் வையுங்கள், கடவுச்சொல்லைத் தனியாக எழுதி.

---

வடாலா_வக்கீல்குமாஸ்தா:

பென் டிரைவ் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். மும்பை மழையில் ஒன்று போய்விடும்.