ஃபோர்ஈச் ஓடுது, சம் மட்டும் ஓடமாட்டேங்குது, ஏன்?

ஹட்டன்_பொடியன்:
அண்ணேமாரே ஒரு டவுட்டு. எங்க தோட்டத்து கொழுந்து நிறுவைய பதிஞ்சு வைக்க சி ஷார்ப்ல சின்னதா ஒரு புரோகிராம் எழுதுறேன், காலை நிறுவை பகல் நிறுவை அந்தி நிறுவை எல்லாத்தையும் நிறுவைப்பட்டியல்னு ஒரு கிளாஸ்ல சேத்து வைக்கிறேன் (கிளாஸ் பேர தமிழ்லயே வச்சேன், கம்பைலர் ஒண்ணும் சொல்லல). அதுல கெட்இனியூமரேட்டர்னு ஒரு மெத்தட் மட்டும் போட்டு உள்ள இருக்குற லிஸ்ட்டோட இனியூமரேட்டர (ஒவ்வொண்ணா எடுத்துக் குடுக்குற சாமான்) அப்பிடியே ரிட்டர்ன் பண்றேன், ஐஇனியூமரபிள்ங்குற இன்டர்ஃபேஸ் (இன்ன மெத்தட் இருக்கும்னு கிளாஸ் குடுக்குற வாக்கு) எங்கயும் போடல. ஆனா ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்குற ஃபோர்ஈச் லூப் ஜோரா ஓடுது! சரி மொத்த கிலோ பாப்போம்னு கூட்டித் தர்ற சம் மெத்தட்ட போட்டா சிவப்பு கோடு. இன்டர்ஃபேஸ் இல்லாம இந்த லூப் போட ஏலாதுனு தானே வகுப்புல படிச்சோம்?

லயத்து_லினக்ஸ்:
தம்பி நீங்க படிச்சது ஜாவா. அதுல 2004ல அஞ்சாம் வெர்ஷன்ல இந்த லூப் வரும்போதே, அரேய தவிர மத்த எல்லாத்துக்கும் இட்டரபிள்ங்குற இன்டர்ஃபேஸ் கட்டாயம். சி ஷார்ப் அப்பிடி இல்ல. கெட்இனியூமரேட்டர்னு பப்ளிக் மெத்தட் இருக்கா, அது குடுக்குற சாமான்ல அடுத்ததுக்கு போற மூவ்நெக்ஸ்ட்டும் இப்ப உள்ளத குடுக்குற கரன்ட்டும் இருக்கா, அவ்வளவுதான் பாக்கும். 2002ல மொழி வெளிய வந்தப்ப, உள்ள இருக்குறது என்ன டைப்னு சொல்லி வைக்கிற ஜெனரிக்ஸ் கெடையாது, அது 2005ல தான். இன்டர்ஃபேஸ் வழியா போனா கரன்ட் எப்பவும் ஆப்ஜெக்ட்டா தான் வரும், வெறும் இன்ட்ட (முழு எண்) கூட ஒவ்வொரு சுத்துலயும் பாக்ஸ் பண்ணணும், அதாவது ஹீப்புங்குற மெமரில ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள்ள போட்டு மூடணும், அந்த செலவு வேணாம்னு தான் இந்த வழிய விட்டு வச்சாங்க.
சம் வேற கதை. அது லின்க்ங்குற லைப்ரரில ஐஇனியூமரபிளுக்குனு எழுதுன எக்ஸ்டென்ஷன் மெத்தட், வெளிய இருந்து ஒட்டுற மெத்தட். ஃபோர்ஈச் தராசுக்காரர் மாதிரி, சாக்குல கொழுந்து இருந்தா போதும், நிறுத்துருவார். சம் செக்ரோல் (தோட்டத்து பேர்ப்பதிவு) மாதிரி, பேர் பதிஞ்சிருந்தா தான் கணக்கு.

பண்டாரவளை_பைதன்:
நல்லா சொன்னீங்க அண்ணே, ஆனா இத டக் டைப்பிங்னு (ஓடுற நேரத்துல மெத்தட் இருக்கானு மட்டும் பாக்குறது) சொன்னா நான் ஒத்துக்கமாட்டேன், சி ஷார்ப்ல இந்த பார்வையெல்லாம் கம்பைல் பண்றப்பவே முடிஞ்சிரும். பைதன்ல தான் ஓடுற நேரத்துல பாக்கும், இட்டர் மெத்தட் இல்லாட்டி, நம்பர் சொன்னா அந்த எடத்துல உள்ளத குடுக்குற கெட்ஐட்டம் இருக்கானு தேடி, 0, 1, 2னு கேட்டுக்கிட்டே போய் இன்டெக்ஸ்எரர் வந்ததும் பேசாம நிப்பாட்டிரும். அதுலயும் ஒரு கூத்து, கெட்ஐட்டம் மட்டும் உள்ள கிளாஸ இட்டரபிளானு இஸ்இன்ஸ்டன்ஸ்ல கேட்டா இல்லங்கும், அதே கிளாஸ ஃபோர்ல போட்டா ஓடும்.

லயத்து_லினக்ஸ்:
அது சரிதான். தம்பி, கிளாஸ் பேருக்கு பக்கத்துல ஐஇனியூமரபிள போட்டுருங்க, கெட்இனியூமரேட்டர் ரெண்டு எழுத வேண்டி வரும், ஜெனரிக் ஒண்ணு பழசு ஒண்ணு, பழசுல புதுச கூப்பிட்டா போதும். இப்ப இருக்குற பப்ளிக் மெத்தட்ட அழிக்காதீங்க, ஜெனரிக்கையும் இன்டர்ஃபேஸ் பேரோடயே எழுதுங்க. லிஸ்ட்டோட இனியூமரேட்டர் ஸ்ட்ரக்ட் (ஆப்ஜெக்ட்டா இல்லாம வெறும் மதிப்பா இருக்குற டைப்), நேரா ஃபோர்ஈச் போட்டா ஹீப்புக்கு போகாது.

ஹட்டன்_பொடியன்:
போட்டேன், சம் வந்துருச்சி, மேக்ஸும் வருது. ஈரத்துக்குனு கழிக்கிற கிலோவ எங்க வைக்கிறதுனு தான் இன்னும் பிடிபடல, அத தனியா கேக்குறேன்.