அம்மா எறியப் பார்த்த கண்டோஸ்

எங்கள் வீட்டில் எந்தக் கம்பனியின் சொக்லேட் வந்தாலும் அதற்குப் பெயர், இலங்கைச் சொக்லேட் ஒன்றின் பெயரான கண்டோஸ்தான். இந்தமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு சுவிஸிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் கொண்டுவந்ததையும் அப்படித்தான் சொன்னோம். 70 சதவீதக் கொக்கோ, தோடம்பழத் தோல், கறுவா, கராம்பு, கொஞ்சம் மிளகாய் என்று உறையில் இருந்தது.

பிரித்தால் மேலெல்லாம் சாம்பல் பூசினதுபோல வெள்ளை. "பூஞ்சணம் பிடிச்சிட்டுது, எறி பிள்ளை" என்றார் அம்மா. நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கொக்கோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸை அண்டினாலே உருகிவிடும், வாயில் வைத்ததும் கரைவதும் அதனால்தான். கொழும்பிலிருந்து வந்த வாகனத்தில், பெட்டிக்குள் கிடந்து உருகி, தன்பாட்டில் திரும்ப இறுகியிருக்கிறது. அப்போது கொழுப்பு மேலே வந்து படிந்த வெள்ளை அது. தின்னலாம். முறிக்கும்போது 'டக்' என்ற சத்தம் மட்டும் வராது. வரவுமில்லை.

முதல் துண்டை நான் அவசரப்பட்டுக் கடித்துவிட்டேன். வெறும் கசப்பு, காய்ச்சல் மருந்து மாதிரி. இரண்டாவதை நாக்கில் வைத்துச் சும்மா இருந்தேன். கசப்பு தணிய ஒரு புளிப்பு, அதற்குப் பிறகு கறுவா, கடைசியில்தான் தொண்டையில் மிளகாய். அம்மம்மாவுக்குக் கராம்புதான் பிடிபட்டது. "இது பல்லுக் குத்துக்கு வைக்கிறதெல்லோ?" என்று கேட்டுவிட்டு இன்னொரு துண்டு வாங்கினார். மாமா மிளகாயைத் தேடித் தேடிச் சப்பினார். "உறைப்பு எண்டு போட்டிருக்கிறான், எங்க?" செத்தல் மிளகாய் வறுத்து இடித்த தூளில் வளர்ந்த நாக்கு அது, அவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? எனக்கும் உறைப்பு போதாதுதான். ஆனால் கொக்கோவில் மிளகாய் போடுவது சுவிஸ்காரனின் புதுமை இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், மெக்சிக்கோப் பக்கத்து ஆட்கள் ஐரோப்பியர் போவதற்கு முன்பே இரண்டையும் கலந்து குடித்தவர்கள்.

என்னைப் பிடித்து உலுக்கியது தோடம்பழம். பழத்தின் இனிப்பு அதில் இல்லை, தோலின் எண்ணெய்தான். அது நாக்கைவிட மூக்கில்தான் ஏறியது. ஏறியதும் எனக்கு மண்ணெண்ணெய் மணத்தது! 90களில் கரண்ட் இல்லாத இரவுகள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு போட்டு, துளி மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு. வளவில் நின்ற தோடையில் பழுத்ததை உரித்தால், தோலை மடித்துச் சுடருக்குப் பக்கத்தில் பிதுக்குவோம். 'சர்ர்' என்று பொறி பறக்கும். படிக்கச் சொன்னால் இதுதான் வேலை.

மீதியை ஃபிரிஜ்ஜில் வைத்தது பிழை. வெளியே எடுத்ததும் வியர்த்து, மேற்பரப்பு நறநறவென்று ஆகிவிட்டது. அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தார்: பனங்கட்டி மாதிரி ஒரு கடி, ஒரு மிடறு சுடச்சுடப் பிளேன்டீ. உண்மையில் அப்படித்தான் அது மிக நன்றாக இருந்தது. தேத்தண்ணிச் சூட்டில் கறுவாவும் தோலும் ஒன்றாய் எழும்பின.

தோலில் நெருப்புப் பறக்கும் என்றால் சுவிஸில் பிறந்த மருமகன் நம்பவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு தோடம்பழம் வாங்கி, இரவு லைட்டை நிற்பாட்டி, மெழுகுதிரி கொளுத்திக் காட்டினேன். பொறி பறந்ததும் அவன் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்த, குசினிக்குள்ளிருந்து அம்மா: "ஆரடா அது, திரும்பவும் தோல் பிதுக்குறது?"