தாராபுரம், காங்கேயம், அரவக்குறிச்சி பக்கம் மழைமானி வைத்திருப்பவர்கள் உதவ வேண்டும்

வணக்கம். ஆகஸ்ட், செப்டம்பர் மாலை இடிமழைக் கணக்கை ஊர்வாரியாகத் தொகுக்கிறோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் இங்கே வீசுமே தவிர, மலைக்கு மேற்கேயே பெய்து தீர்ந்துவிடுவதால் மழை சொற்பம். காற்று தணிந்து, நிலம் சூடேறிய பிறகு வருகிற வெப்பச்சலன மழைதான், அதாவது இந்த மாலை இடிமழைதான், ஐப்பசிக்கு முன் கைகொடுப்பது. அது ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறலோடு போய்விடும். ஒரு தாலுகாவுக்கு ஒரு மானி என்றால் உண்மை தெரியாது.

தேவைப்படுவது இவ்வளவுதான்: காலை 8.30க்கு அளந்த மழை, முந்தைய மாலை மழை தொடங்கிய நேரம், காற்று வந்த திசை. செப்டம்பர் 12 மாலை பெய்தது 13ஆம் தேதிக் கணக்கில் வரும். பெரும்பாலான குளறுபடி இங்கேதான்.

மானி இல்லாதவர்கள் 16 செ.மீ. விட்டமுள்ள புனலைப் பாட்டிலில் பொருத்தலாம். சேர்ந்த தண்ணீரின் மில்லிலிட்டரை 20.1ஆல் வகுத்தால் மி.மீ. கிடைக்கும். மொட்டை மாடி வேண்டாம், காற்று துளிகளைத் தள்ளிவிட்டுக் கணக்கு குறையும். மரம், சுவர் எதுவானாலும் அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு: ஆடிக்காற்றில் மானியைச் சுற்றித் தடுப்பு வைத்தவர்கள் இருக்கிறீர்களா? என்ன உயரம், எவ்வளவு தூரத்தில்? தடுப்போடும் இல்லாமலும் ஒரே நாளில் அளந்த கணக்கு இருந்தால் அதுதான் முதலில் வேண்டும்.