சுண்ணாம்பாற்றில் வேகப்படகு: ஒதுங்க வேண்டியது யார்?

அரியாங்குப்பத்தான்:
ஞாயிறு காலை அப்பாவுடன் ஆற்றில் நண்டு வலை எடுத்துக்கொண்டிருந்தேன். பாரடைஸ் கடற்கரைப் பக்கமிருந்து சீறி வந்த உல்லாசப் படகு ஒன்று, துடுப்பை நீட்டினால் தொடும் தூரத்தில் கடந்தது. அது கிளப்பிய அலையில் எங்கள் படகு சாய்ந்து, பழைய சோற்றுத் தூக்குவாளி ஆற்றோடு போயிற்று. ஓட்டியவர் எங்களைக் கைப்பேசியில் படம் பிடித்தார்! யார் ஒதுங்கியிருக்க வேண்டும்?

கடலூர் துறைமுகத்தான்:
அவர்தான், தம்பி. 1972 சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, வலையோடு நகர முடியாமல் நிற்கும் படகுக்கு எஞ்சின் படகு விலக வேண்டும். ஆனால் குறுகிய தடத்தை அடைத்து வலை விட்டிருந்தால் நியாயம் உங்கள் பக்கம் நிற்காது. எங்கே விட்டீர்கள்?

அரியாங்குப்பத்தான்:
கரையோரம், அலையாத்தி வேரை ஒட்டி.

பழைய ஓட்டுநர்:
வேகம் எடுக்கையில் முகப்பு தூக்கிக்கொள்ளும். எதிரே சிறு படகு இருப்பதே தெரியாது. நானும் ஒருமுறை அப்படி மயிரிழையில் தப்பியவன். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள்கயிற்றைக் கையில் மாட்டியிருந்தாரா?

அரியாங்குப்பத்தான்:
அது எஞ்சினிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கடலூர் துறைமுகத்தான்:
பதிவு எண்?

அரியாங்குப்பத்தான்:
கடைசி இரண்டு இலக்கம் மட்டும் பார்த்தேன். அப்பா இன்னும் தூக்குவாளியைத்தான் தேடுகிறார்.