லெனின்கிராடின் 125 கிராம் ரொட்டி

செவ்வந்தி: "கர்ப்பிணி எதைச் சாப்பிட்டாலும் பிள்ளைக்குப் பின்னாளில் வரும் சர்க்கரை நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று கதிரேசன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவை மறித்ததால் ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாமில் பங்கீடு நாளுக்கு 400 முதல் 800 கலோரிக்கு இறங்கியது. அப்போது கருவில் இருந்தவர்களுக்கு 50 வயதில் குளுக்கோஸ் கொடுத்துச் சோதித்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் சர்க்கரை மற்றவர்களைவிடக் கூடுதலாகவே நின்றது. என்ன சொல்கிறீர்கள்?

கதிரேசன்: லெனின்கிராடு என்கிறேன், ஜெர்மன் படை முற்றுகையிட்ட ரஷ்ய நகரம். 1941 இறுதியில் அங்கே தொழிலாளர் அல்லாதவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அந்த முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களையும் சோதித்தார்கள். சர்க்கரையில் வித்தியாசம் இல்லை. 125 கிராம், அம்மா!

செவ்வந்தி: அந்த முற்றுகை 872 நாள் நீடித்தது. பிள்ளை பிறந்த பிறகும் பசிதான். ஹாலந்திலோ 1945 ஜூனிலேயே பங்கீடு 2000 கலோரியைத் தாண்டிவிட்டது. வயிற்றுக்குள்ளேயே சிக்கனம் பழகிய உடலுக்கு வெளியே வந்ததும் விருந்து. அங்கேதான் வினை.

கதிரேசன்: அது உங்கள் ஊகம். 125 கிராமுக்குப் பதில் வரவில்லை.

பூங்கோதை: கடைசியில் பழி எல்லாம் தாய் தலையில்தானா? ஏழாம் மாதம் எனக்குச் சர்க்கரை ஏறியபோது, "இனிப்பைத் தின்றாள், அனுபவிக்கிறாள்" என்று வளைகாப்புப் பந்தலிலேயே மாமியார் சொன்னார். நீங்களும் அதையேதான் சொல்கிறீர்கள்.

செவ்வந்தி: நான் எங்கே சொன்னேன்? ஆம்ஸ்டர்டாம் பெண்கள் டியூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். அது அவர்கள் குற்றமா?

மாடசாமி: புனேக்கு வாருங்கள். அதைச் சுற்றிய கிராமங்களில் பிறக்கும் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. பார்க்க மெலிவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தாய்க்கு ஃபோலேட் என்ற வைட்டமின் கூடி, இறைச்சி, மீன், முட்டை, பாலில் கிடைக்கும் வைட்டமின் பி12 குறைந்திருந்தால், பிள்ளைக்கு 6 வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, அதிகம் என்று புனே மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டார்கள்.

கதிரேசன்: புரிகிறது. சைவர்களைச் சீண்டாமல் உமக்குப் பொழுது போகாது.

மாடசாமி: பாலிலும் தயிரிலும் பி12 இருக்கிறது, ஐயா. படித்துவிட்டு வாரும்.

கதிரேசன்: எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 125 கிராம்!

செவ்வந்தி: நான் கிராமச் செவிலியர், 22 ஆண்டுப் பணி. சர்க்கரை நோய்ச் சோதனைக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கும் பெண்களைத் தினமும் பார்க்கிறேன். ஒருத்தி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை பெருத்தால் அறுவைதான் என்று வீட்டில் ஒருவேளைச் சோறுதான் போடுகிறார்கள்" என்றாள். கை மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. அவளிடம் போய் லெனின்கிராடு கதை சொல்வீர்களா?

கதிரேசன்: ஒருத்தியின் மணிக்கட்டு ஆய்வாகாது.

செவ்வந்தி: அவள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவள் அவள்தான். அதற்குப் பதில் சொல்லுங்கள், பிறகு ரொட்டியை எடையிடலாம்.

கதிரேசன்: முதலில் ரொட்டி.