மொஹாவிப் பாலைவனத்தின் பம்பு மெக்கானிக்: பாத்திரப் படைப்பில் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டின் உலகில், 2281ஆம் ஆண்டின் மொஹாவிப் பாலைவனத்தில் வாழும் ஒரு சொந்தக் கதாபாத்திரத்தைச் சில வாரங்களாக உருவாக்கி வருகிறேன். 2077இல் நடந்த அணுப்போருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் ஹூவர் அணைக்காகவே படைகள் மோதிக்கொள்ளும் நிலம் அது என்பதால், அவளைப் போராளியாக அல்லாமல், நியூ கலிபோர்னியா குடியரசின் குத்தகைப் பண்ணைகளுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்பைப் பழுதுபார்ப்பவளாக அமைத்திருக்கிறேன்.

வால்ட் 34 என்னும் நிலத்தடிப் புகலிடத்தின் அணு உலையிலிருந்து கசியும் கதிரியக்கம் அந்தப் பண்ணைகளின் நீரில் கலப்பது விளையாட்டிலேயே வருகிறது. என் பாத்திரம் அதைக் கதிரியக்கத்தைக் கண்டறியும் தன் கெய்கர் கருவியின் சடசடப்பில் முதலில் அறிகிறாள்; ஆனால் சொன்னால் வேலை போய்விடும் என்று அஞ்சி, தான் மட்டும் வெளியிலிருந்து வாங்கிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கருவியின் ஒலிபெருக்கியில் துணியை அடைத்துவிட்டு, மூன்று மாதங்கள் வாய் திறக்காமல் இருக்கிறாள்.

சிக்கல் இங்கேதான். அவளைப் பேசவைப்பது எது? ஒரு குழந்தையின் மரணத்தை எழுதிப் பார்த்தேன். அது வாசகரின் கண்ணீரைக் கடன் வாங்கும் மலிவான உத்தியாகத் தோன்றியதால் நீக்கிவிட்டேன். குற்றவுணர்ச்சி மெல்ல மெல்ல முற்றுவதைக் காட்டும் சிறிய, அன்றாட நிகழ்வு எதுவாக இருக்கலாம்? குடிநீர் வாரியத்திலோ பம்பு பழுதுபார்ப்பிலோ அனுபவம் உள்ளவர்கள், இத்தகைய பணியாளர் எதையெல்லாம் பதிவேட்டில் எழுதுவார், எதை மறைக்க இயலும் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.