வெள்ளிவிழா ஒன்றுகூடல்: பள்ளியிலேயா, விசா கிடைக்கிற ஊரிலா?

பட்டியல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

சர்வதேச உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். எங்கள் வகுப்பு 2002இல் பள்ளியை முடித்தது. 2027 ஜூலையில் 25 ஆண்டு நிறைகிறது. பள்ளி ஐரோப்பாவில், ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் எல்லைக்குள், ஒரு மலைமேல் இருக்கிறது. கோடை விடுமுறையில் விடுதி காலியாகத்தான் கிடக்கும், மூன்று நாள் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்கிறது. ஏற்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சிகள். பள்ளியில் கூடினால்தான் வருவோம் என்கிறது ஒன்று. விசா கெடுபிடி இல்லாத வேறு நகரத்தில் வைத்துக்கொள்வோம் என்கிறது மற்றொன்று. என் மனம் பள்ளிப் பக்கம்தான். ஊர்ப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒன்றுகூடல் ஒரு மாலை நேர வேலை. பாதிப் பேர் அங்கேயே இருப்பார்கள், மீதிப் பேர் பெற்றோரைப் பார்க்க எப்படியும் வருவார்கள். எங்களில் ஒருவர்கூட இன்று அந்த மலையில் இல்லை. சொந்த வீடு அங்கே எவருக்கும் எந்நாளும் இருந்ததில்லை. ஆசிரியர்களும் கலைந்துவிட்டார்கள். வகுப்பாக நாங்கள் போய் நிற்கிற மூன்று நாள்தான் அது எங்கள் இடம். மற்ற நாளெல்லாம் அது வேறு யாருடைய பிள்ளைகளின் பள்ளியோ.

ஏற்பாடு செய்து கைசுட்டுக்கொண்டவர்கள் சொல்லுங்கள்.

தனிவழி

நண்பரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நிர்வாகம் சொல்கிறது என்கிறீர்களே, சொன்னது முன்னாள் மாணவர் அலுவலகம்தானே? பல பள்ளிகளில் அந்த அலுவலகத்துக்குப் பக்கத்து மேசையே நன்கொடைப் பிரிவு. ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிகிற ஆண்டுகளில் வகுப்பைக் கூட்டுவது அமெரிக்கக் கல்லூரிகளில் வேர்விட்ட பழக்கம். கூடுகிற வகுப்பு ஒரு கொடையைத் திரட்டித் தரவேண்டும் என்பதும் அதோடு ஒட்டிக்கொண்டே வந்தது. பத்தாம் ஆண்டில் ஆளுக்கு ஒரு கடன் இருக்கும். இருபத்தைந்தில் கையில் கொஞ்சம் காசு புரளும். ஐம்பதாம் ஆண்டில் உயிலைப் பற்றிக் கனிவாக விசாரிப்பார்கள்.

என் பள்ளியின் 20ஆம் ஆண்டுக்குப் போனேன். முதல் நாள் இரவு விருந்தில் ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் ஓர் உறை இருந்தது. தட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். உள்ளே வங்கிக் கணக்கு எண்ணோடு ஒரு படிவம். தொகை எவ்வளவானாலும் சரி, எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பதுதான் முக்கியம் என்று மேடையிலிருந்து ஒருவர் தேனொழுகப் பேசினார். அந்த விகிதத்தைக் காட்டித்தான் பெரிய கொடையாளரிடம் போவார்கள். என் பக்கத்தில் இருந்தவனுக்கு வேலை போய் நான்கு மாதம். படிவத்தை விரித்தான், பேனாவைத் தேடுவதுபோல் பையைத் தடவினான், பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் காலை அவனைக் காணவில்லை.

பள்ளியில் கூடினால் நீங்கள் பள்ளியின் விருந்தாளி. விருந்தாளிக்கு மொய் எழுதும் கடமை உண்டு. வேறு ஊரில் வையுங்கள்.

மூன்றுமுறை

தம்பி தனிவழி, உறைக்குப் பயந்து விருந்தையே விடுவார்களா? நான் பத்து, இருபத்தைந்து, நாற்பது மூன்றுக்கும் போனவள். பத்தில் எல்லோரும் விசிட்டிங் கார்டை நீட்டினோம். இருபத்தைந்து, உண்மையைச் சொன்னால், மூன்றிலும் மோசம். யார் எங்கே எட்டியிருக்கிறார்கள் என்ற அளவெடுப்பு கண்ணிலேயே தெரிந்தது. நாற்பதில் அளவெடுக்க எதுவும் மிச்சமில்லை. மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டே அதே படியில் ஏறினோம்.

ஆனால் மூன்று முறையும் பள்ளியில்தான் கூடினோம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. எங்கள் சட்டை, காலுறை எல்லாவற்றிலும் சலவை எண் தைத்திருக்கும். நாற்பதாம் ஆண்டில் விடுதி மாடிப்படியில் ஏறும்போது கீழேயிருந்து ஒருத்தி, "எண்பத்தாறு!" என்று கத்தினாள். நான் திரும்பிவிட்டேன். கணவரின் பெயரைச் சொல்லி அழைத்திருந்தால்கூட அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்க மாட்டேன். இது எந்த ஓட்டல் கூடத்தில் நடக்கும்? அந்தப் படிக்கட்டு இருந்ததால்தான் அவளுக்கு அந்த எண் வாயில் வந்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம், பெற்றோரின் நாட்டுக்கும் வாழ்கிற நாட்டுக்கும் நடுவே வளர்கிற பிள்ளைகளை மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்றார். அந்த மூன்றாவதற்கு உலக வரைபடத்தில் இடம் கிடையாது. பள்ளி ஒன்றுதான் அதற்குக் கிடைத்த விலாசம். அதையும் நாமே கைவிட வேண்டுமா?

சலவை117

அக்கா, படிக்கட்டு எனக்கும் பிடிக்கும். அதன் அருகில் போக முடிந்தவர்களுக்குத்தான் அது படிக்கட்டு.

எங்கள் பள்ளியும் ஷெங்கனுக்குள்தான். படித்த நாட்களில் எல்லார் பாஸ்போர்ட்டும் அலுவலக இரும்புப் பெட்டியில் இருக்கும். விடுமுறைக்கு முந்தைய நாள் வரிசையில் நின்று வாங்குவோம். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று அடுக்கியிருப்பார்கள். எந்த நிறம் அழகு என்று சண்டை போட்டிருக்கிறோம். எந்த நிறம் எந்தக் கதவைத் திறக்கும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. விசா வேலை முழுவதையும் பள்ளியே பார்த்துக்கொண்டது.

20ஆம் ஆண்டு ஒன்றுகூடலுக்கு என் அறைத்தோழன் விண்ணப்பித்தான். பள்ளியின் அழைப்புக் கடிதம், வேலைச் சான்று, ஆறு மாத வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் வைத்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது விதி. தந்தார்கள். அச்சிட்ட படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி: திரும்பிச் செல்லும் எண்ணத்தில் ஐயம். அந்த நாட்டில் ஆறு ஆண்டு வாழ்ந்து, ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒழுங்காகத் திரும்பிப் போனவன் அவன். நாங்கள் மலையிலிருந்து காணொளியில் அழைத்தோம். கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்கு விடுதியைச் சுற்றிக் காட்டினோம். பாதி வழியில் வேலை வந்துவிட்டது என்று துண்டித்துவிட்டான். வேலை வரவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

1962இல் வேல்ஸில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியபோது பனிப்போர் நடந்துகொண்டிருந்தது. பல நாட்டுப் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வளர்த்தால் பகை குறையும் என்பது அதற்கு வித்திட்ட குர்ட் ஹானின் நம்பிக்கை. நம் பள்ளிகள் எல்லாமே விளம்பரத்தாளில் அதைத்தான் சொல்கின்றன. கூரை பதினெட்டு வயதுவரைதான் என்று மட்டும் எழுதுவதில்லை. மேசையில் சேர்ந்து உட்கார்ந்தவர்களில் யார் திரும்பி வரலாம் என்று தூதரகத்தைத் தேர்ந்தெடுக்க விட்டுவிட்டு, அதற்கு வகுப்பு ஒன்றுகூடல் என்று பெயர் வைக்கலாமா?

பட்டியல்காரன்

இதற்கு என்னிடம் உடனடி பதில் இல்லை. ஆனால் விசா எல்லோருக்கும் எளிதான ஊர் எது? எங்கள் பட்டியலை வைத்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருவருக்கு எளிதான நாடு இன்னொருவருக்கு இரும்புக் கதவு.

தனிவழி

ஓர் இடம் இருக்கிறது. வட துருவத்துக்கு அருகில் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகள். 1920 ஒப்பந்தத்தை ஒட்டி, எந்த நாட்டவருக்கும் அங்கே விசா தேவையில்லை.

சலவை117

விசா வேண்டாம்தான். ஆனால் அங்கே போகும் விமானம் வழக்கமாக நார்வே வழியாகத்தான் போகிறது. நார்வே ஷெங்கனுக்குள் இருக்கிறது, அந்தத் தீவுகள் வெளியே. ஆக, விசா தேவைப்படாத தீவுக்குப் போக விசா வேண்டும், அதுவும் இரண்டு முறை நுழையக்கூடியதாக. நானும் இதைத் தேடிப் பார்த்தவன்தான்!

பாதிப்படிப்பு

இடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். வகுப்பு என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் ஓர் உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்போடு வந்துவிட்டேன். அப்பாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல். இப்படிப்பட்ட பள்ளிகளில் இது சாதாரணம். தூதரகம், கம்பெனி, தொண்டு நிறுவனம் என்று பெற்றோர் நகர நகரப் பிள்ளைகளும் நகர்கிறார்கள். கடைசி நாளில் மேடையேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் பட்டியலில் இருக்கிறார்கள், நான் இல்லை. ஒரே ஓர் ஆண்டு, கடைசி வகுப்பு மட்டும் படித்த ஒருவருக்கு 25ஆம் ஆண்டு அழைப்பு போனது. எனக்கு என் அறைத்தோழி பதிவேற்றிய படங்களைப் பார்த்துத்தான் ஒன்றுகூடல் நடந்ததே தெரியும். படத்தில் எங்கள் அறை ஜன்னல் இருந்தது. ஜன்னல் விளிம்பில் கவராய முனையால் நான் கீறிய கோடுகூட இருந்தது.

வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் போதாதா என்கிறார்கள். யார் சேர்ப்பது? எங்கள் வகுப்பின் பழைய தொடர்பெல்லாம் யாகூ குரூப்ஸில் இருந்தது. 2020 டிசம்பரில் அதை இழுத்து மூடினார்கள். அதோடு என் பெயரும் போயிற்று.

மூன்றுமுறை

கண்ணம்மா, இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் நாற்பதாம் ஆண்டில் இறந்துபோனவர்களின் பெயரை வாசித்தோம், எழுந்து நின்றோம். பாதியில் போனவர்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பழைய_காப்பாளர்

நான் மாணவன் அல்லன். இரண்டு உறைவிடப் பள்ளிகளில் மொத்தம் 19 ஆண்டுகள் விடுதிக் காப்பாளராக இருந்தவன். என்னை ஒன்றுகூடல்களுக்கு அழைப்பார்கள், போவேன், படம் எடுத்துக்கொள்வோம். வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே மகிழ்ச்சியாக இருந்தவர்கள். வராதவர்களையும் எனக்குத் தெரியும். விளக்கணைத்த பிறகு யார் அழுவார்கள் என்பது காப்பாளனுக்குத் தெரியாமல் இருக்குமா?

விசாவும் உறையும் மட்டுமே தடை என்று நினைக்காதீர்கள். சிறு வயதில் வீட்டைவிட்டுப் பிரித்து அனுப்பப்பட்டவர்களிடம் பின்னாளில் காணப்படும் மனக்காயங்களுக்கு, உளச்சிகிச்சையாளர் ஜாய் ஷேவரியன் 2011இல் உறைவிடப் பள்ளி நோய்க்குறி என்று பெயரிட்டு எழுதினார். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் குழந்தைகள்மீதான பாலியல் கொடுமைகளை விசாரித்த சுயேச்சை ஆணையம் 2022 மார்ச்சில் உறைவிடப் பள்ளிகளுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. நல்ல பள்ளியில்கூட ஒரு கெட்ட தாழ்வாரம் இருந்திருக்கலாம்.

பட்டியல்காரன் தம்பிக்கு ஒரே வேண்டுகோள். பழைய ஊழியர்களில் யார் யார் வருகிறார்கள் என்பதை அழைப்பிலேயே பெயரோடு எழுதிவிடுங்கள். "உங்களுக்குப் பிடித்த ஆசிரியர்கள் இன்ப அதிர்ச்சியாக" என்றெல்லாம் போடாதீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தனிவழி

ஐயா, இதைத்தான் நான் வேறு வாயால் சொன்னேன். பள்ளி என்றால் எல்லோருக்கும் ஒரே இடமல்ல.

பழைய_காப்பாளர்

இல்லை தம்பி, நீங்கள் பள்ளியில் வேண்டாம் என்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் இனி அங்கே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே தாழ்வாரத்தில் ஒருமுறை நடக்கவே வந்தவர் ஒருவரையும் நான் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னுமாக நான்கு முறை நடந்தார். பிறகு சாப்பிட வந்துவிட்டார்.

பட்டியல்காரன் (பன்னிரண்டு நாள் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள். முடிவு: பள்ளியில்தான், 2027 ஜூலை 16 முதல் 18 வரை. தனிவழி நண்பர் திட்டலாம். ஆனால் சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன்.

உறை கிடையாது. நன்கொடைப் பிரிவு விருந்துக்கு வரக்கூடாது என்று எழுதிக் கேட்டேன், முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால், ஆளுக்கொரு தனி அழைப்புக் கடிதம் டிசம்பருக்குள் போய்ச் சேரும். ஜனவரி நடுவிலேயே கொடுத்துவிட்டால், மறுத்தாலும் காரணத்தைப் பார்த்து இன்னொரு முறை கொடுக்க அவகாசம் இருக்கும். முடிவு சொல்ல 15 நாள் என்று விதி இருந்தாலும் 45 நாள்வரை இழுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்குவதற்கே வாரக்கணக்கில் காத்திருப்பு தனி. ஊழியர் பட்டியல் அழைப்பின் முதல் பக்கத்தில்.

பாதியில் போனவர்களின் முகவரியைப் பள்ளியிடம் கேட்டேன். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, தர முடியாது என்றார்கள். நான் எழுதும் கடிதத்தை அவர்களே அனுப்பி வைப்பார்களாம். பெயர்களை 1996 முதல் 2001 வரையிலான ஆண்டு மலர்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்து எடுத்தேன். பத்தொன்பது பெயர்கள்! எனக்கே வெட்கமாக இருந்தது. இதுவரை ஆறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள்.

சலவை117

விசா மறுக்கப்பட்டால்?

பட்டியல்காரன்

அடுத்த ஒன்றுகூடலின் இடத்தை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். வகுப்பில் வாக்கெடுப்பு நடந்தது, மூன்று பேர் எதிர்ப்பு. இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை.

தனிவழி

அதற்கு 2032 ஆகும். இருந்தாலும் உறையை நிறுத்தியதற்கு ஒரு வணக்கம்.

பாதிப்படிப்பு

அந்த ஆறு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள்?

பட்டியல்காரன்

ஐந்து பேர் வருகிறோம் என்கிறார்கள். ஆறாமவர் ஒன்பதாம் வகுப்பில் போனவர். ஒரே வரிதான் எழுதியிருக்கிறார்: "என்னை உனக்கு நினைவிருக்கிறதா?" ஆண்டு மலரில் படத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்வரிசையில் நிற்கிறார். உண்மையில் எனக்கு நினைவில்லை. இரண்டு நாளாகப் பதில் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மூன்றுமுறை

சலவை எண்ணைக் கேளுங்கள் தம்பி.